ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீட்டில் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கோட்டை அமைப்பது எப்படி?

மாடிப்படி (அம்பத்தூர்), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இரண்டாம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனை. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு வயது. அக்னி நட்சத்திர வெயிலில் முற்பகலிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடிவதில்லை என்பதால், இந்த விடுமுறை முழுவதும் இருவரும் வீட்டுக்குள்ளேயே விளையாட வேண்டியிருக்கிறது. தங்களுக்கென்று ஒரு கோட்டை வேண்டும் என்று இருவரும் கேட்கிறார்கள்.

கடைகளில் விற்கும் சிறுவர் கூடாரங்களைப் பார்த்தேன். நான் பார்த்தவை எல்லாம் பாலியெஸ்டர் துணியால் ஆனவை. அதற்குள் இந்த வெயிலில் குழந்தைகளை உட்கார வைக்க மனம் ஒப்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே வைத்துக் கயிறு கட்டிப் போர்வை போட்டால், சிறியவன் துணியைத் தொட்டவுடன் நாற்காலியே சாய்ந்து விடுகிறது. ஆணி இல்லாமல் எப்படி உறுதியாக அமைப்பது, உள்ளே காற்று எப்படி வரும், இதில் எவ்வளவை நான் செய்ய வேண்டும், எவ்வளவைக் குழந்தைகளிடம் விட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நூல்கண்டு (மதுரை)

நாற்காலி சாய்வதற்குக் காரணம் துணியின் எடை அன்று. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதுதான். மூன்று மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவில் ஒரு குழந்தையின் கை ஒரு கிலோ அளவுக்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு 5 செ.மீ. மட்டுமே தொய்ந்தால், இரு முனைகளிலும் ஏறத்தாழ 15 கிலோ இழுவிசை ஏற்படும். அதே கயிற்றை 30 செ.மீ. தொய்யும்படி விட்டுக் கட்டினால் அந்த இழுவிசை இரண்டரை கிலோவாகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி முதல் வகை இழுப்பைத் தாங்காது. ஆகவே கூரை நடுவில் தாழ்ந்து வளைந்திருக்கட்டும். அழகு குறைந்தாலும் நிற்கும்.

நாற்காலியைத் திருப்பியும் வையுங்கள். நாற்காலியின் முதுகு கோட்டைக்கு உட்புறமாகவும், இருக்கை வெளிப்புறமாகவும் இருக்க வேண்டும். இருக்கையின் மேல் பழைய பாடப்புத்தகங்களையோ ஐந்து கிலோ அரிசிப் பையையோ வைத்தால், கயிறு உள்நோக்கி இழுக்கும்போது அந்த எடை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் ஆணியைவிட நல்ல பிடிமானம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது ஜன்னல் கம்பி. துணியின் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியிலும் மறுபக்கத்தைக் கட்டில் தலைமாட்டிலும் கட்டினால் அறையின் பாதி கோட்டையாகிவிடும். பீரோவின் கைப்பிடியில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். கதவு திறந்துகொள்ளும் என்பது சிறிய கவலை; மேல்தட்டில் கனம் உள்ள பீரோ திறந்த கதவோடு முன்னால் சாயக்கூடும் என்பதே பெரிய கவலை.

துணியைத் துளைக்காமல் மூலையைக் கட்ட எளிய வழி உண்டு. துணியின் மூலையில் கசக்கிய காகித உருண்டை ஒன்றை வைத்து, அதைச் சுற்றித் துணியைக் குவித்து, அதன் கழுத்தில் நாடாவைக் கட்டுங்கள். எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. கோலிக்குண்டு இதற்கு இன்னும் பொருத்தமானது என்றாலும், சிறு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் காகிதமே போதும்.

துணியைப் பொறுத்தவரை, துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திப் புடவையை விஞ்ச எதுவும் இல்லை. ஐந்தரை மீட்டர் நீளம் இருப்பதால் கூரையாகிச் சரிந்து இரு பக்கச் சுவராகவும் ஒரே புடவை அமையும். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே வரும். நான்கு முழ வேட்டி கூரைக்கு மட்டும் போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் தரையை ஒட்டி இரண்டு வாசல்கள் விடுங்கள். ஒரே வாசல் உள்ள கோட்டைக்குள் காற்று ஓடாது.

அட்டைக்காரர் (சிவகாசி)

அட்டைப்பெட்டித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு ஏற்றது கயிறே வேண்டாத அட்டைக் கோட்டை. குளிர்சாதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ வந்த பெரிய பெட்டி ஒன்றை வீட்டுப் பொருள் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் பெட்டி பெரும்பாலும் மூன்று பிளை. அதாவது இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிதாள். ஐந்து பிளையில் நெளிதாள் இரண்டு, ஏழு பிளையில் மூன்று. குழந்தை சாய்ந்து உட்காரும் சுவருக்கு ஐந்து பிளையாவது இருக்க வேண்டும்.

பெட்டியின் வெட்டு முனையை உற்றுப் பாருங்கள். நெளிவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது தெரியும். சுவராக நிறுத்தும்போது அந்த நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நெளிவும் ஒரு சிறிய தூணாக எடையைத் தாங்கும். அதே அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால், அந்த நெளிவுகளே மடிப்புக் கோடுகளாக மாறிச் சுவர் இடுப்பொடிந்து விழும். வீட்டில் அட்டை வேலை செய்து கைவிட்டவர்களில் பலர் சறுக்கியது இந்த ஓரிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டியைப் பெட்டியாகவே வைத்து வாசல் வெட்டுவதைக் காட்டிலும், ஒரு மூலையை மேலிருந்து கீழ்வரை வெட்டி விரித்துவிடுவது மேல். ஏற்கெனவே மடிப்பு உள்ள நான்கு பலகைகள் கிடைக்கும். அவற்றை வளைந்து வளைந்து நிற்கும் திரைத்தட்டியாக நிறுத்தினால், எந்தத் தாங்கலும் இல்லாமல் தானே நிற்கும். ஒரு நாள் அரண்மனை, மறுநாள் கடை, அதற்கடுத்த நாள் ரயில் பெட்டி எனக் குழந்தைகளே கோணத்தை மாற்றிக்கொள்வார்கள். மாலையில் மடித்துக் கட்டிலுக்குப் பின்னால் செருகிவிடலாம்.

புதிய மடிப்பு வேண்டுமானால் இரும்பு அளவுகோலை வைத்து, கரண்டியின் காம்பால் அழுத்திக் கோடிட்ட பிறகு மடியுங்கள். கோடில்லாமல் மடித்தால் அட்டை தன் விருப்பப்படி உடையும். ஐந்து பிளை அட்டையைக் கட்டர் கத்தியால் ஒரே மூச்சில் வெட்ட முயல வேண்டாம். ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, மெதுவாக அறுத்தால் சுத்தமாக வரும். வெட்டுவது பெரியவர் வேலை. எங்கே வெட்டுவது என்று கோடு போடுவது குழந்தைகள் வேலை.

ஒட்டுவதற்கு மைதாப் பசையே போதும். ஒரு பங்கு மாவுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் சரியான பதம் கிடைக்கும். ஆனால் புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பதைப் பார்த்து, நீங்களும் அதைக் கலந்துவிடாதீர்கள். அது நஞ்சு. குழந்தைகள் கைவைக்கும் பசையில் அது ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது.

செவிலி (தஞ்சாவூர்)

மேலே சொன்னவை பயனுள்ளவை. ஆனால் புடவை என்ற சொல்லைப் பார்த்ததும் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகள் பிரிவில் பணியாற்றியவள் நான். தம்பிக்கோ தங்கைக்கோ கட்டிய தூளியிலோ, வீட்டில் கட்டிய புடவை ஊஞ்சலிலோ விளையாடும்போது கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவர்களில் பலர் பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகள். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி முறுக்கி, பிறகு முறுக்கு அவிழும் வேகத்தை அனுபவிக்கும் விளையாட்டு அது. தலை உள்ளே இருக்கும்போது முறுக்கு ஏறினால் துணி கழுத்தை நெருக்கும். அந்த நிலையில் குழந்தையால் கத்த முடியாது. அடுத்த அறையில் இருப்பவருக்கு எந்த ஓசையும் கேட்காது.

எனவே புடவையைக் கூரையாக விரியுங்கள். ஒருபோதும் இரு முனைகளையும் மேலே கட்டித் தொங்கலாக விடாதீர்கள். வாசலுக்குத் திரை வேண்டுமென்றால் தரையைத் தொடாத, அகலமான, தனித்துண்டுத் துணியாக இருக்கட்டும். அதைக் கயிற்றின் மேல் போட்டுக் கிளிப் மட்டும் போடுங்கள். குழந்தை சிக்கினால் கிளிப் கழன்று துணி விழுந்துவிட வேண்டும். எந்த முடிச்சிலும் சுருக்கு இருக்கக் கூடாது. கட்டிய பிறகு மிஞ்சும் கயிற்று முனை ஒரு சாணுக்கு மேல் தொங்கினால் நறுக்கிவிடுங்கள். அறையின் குறுக்கே ஓடும் கயிறு, ஓடிவரும் குழந்தையின் கழுத்து உயரத்தில் வெறுமையாக நிற்கவே கூடாது.

இடைவெளிகளைப் பற்றியும் ஓர் அளவு சொல்கிறேன். பூங்காக்களில் வைக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கான பாதுகாப்பு விதிகளில், சுமார் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட திறப்புகள் தலை மாட்டிக்கொள்ளக்கூடியவை என்று கருதப்படுகின்றன. உடல் நுழைந்து தலை நுழையாமல் நின்றுவிடும் அளவு அது. கட்டில் தலைமாட்டின் சட்டங்களும் சில நாற்காலிகளின் முதுகுச் சட்டங்களும் இந்த அளவுக்குள் வரும். அப்படிப்பட்ட பக்கங்களை அட்டையாலோ மடித்த போர்வையாலோ மறைத்துவிடுங்கள்.

பெரிய பெட்டியோடு வரும் பாலித்தீன் உறையையும் தெர்மாகோல் துண்டுகளையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். கோட்டைக்குள் விளக்கு வேண்டும் என்று கேட்டால் மெழுகுவத்தி, அகல் எதுவும் வேண்டாம். கொசுவத்திச் சுருளும் அருகில் வேண்டாம். மின்கலத்தால் எரியும் சிறு விளக்குச் சரம் நல்லது. ஆனால் அது பொத்தான் வடிவ மின்கலத்தில் இயங்குவதாக இருந்தால், மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகும். விழுங்கியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நூல்கண்டு (மதுரை)

செவிலி அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கயிறு கட்டிய கோட்டையைப் பெரியவர் அதே அறையில் இருக்கும்போது மட்டும் வைத்திருந்து, எழுந்து போகும்போது கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டால் அதற்கு ஒரு நொடி போதும்.

குழாய்ப்பணி (கோவை)

ஒவ்வொரு நாளும் கட்டி அவிழ்ப்பது எல்லாத் தாய்மார்களுக்கும் இயலாது. முக்கால் இஞ்ச் பி.வி.சி. குழாயில் ஒரு சட்டம் செய்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பத்தடிக் குழாய் நான்கு வாங்கி, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கடித் துண்டு இரண்டு அறுத்துக்கொள்ளுங்கள். எட்டுத் துண்டுகளும், மூலைகளில் குழாய்களை இணைக்கும் வளைவுகளான எல்போக்கள் எட்டும் இருந்தால் நான்கடிச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, உச்சியில் சேரும் இரு குழாய்களையும் அகலமான துணிப்பட்டையால் பல இடங்களில் கட்டுங்கள். அடிப்பகுதி நான்கடி விரிந்திருந்தால் உயரம் மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். அடி மேலும் விரிந்து சரியாமல் இருக்க, கீழ்க் குழாய்கள் இரண்டையும் இரு ஓரங்களிலும் தரையை ஒட்டிப் பட்டையால் இணைத்துவிட வேண்டும்.

எல்போக்களில் பசை போட வேண்டாம். அழுத்திச் செருகினாலே போதும். கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். அறுத்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இதன் மேல் வேட்டியைப் போட்டுக் கிளிப் மாட்டினால், சுவரைத் தொடவே வேண்டியதில்லை.

வெண்பலகை (திண்டுக்கல்)

குழாய்ச் சட்டம் உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும், தொடக்கப் பள்ளி ஆசிரியையாகிய நான் அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். மாடிப்படி அவர்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்குத்தான் இதில் முதன்மையான இடம் என்று கருதுகிறேன். கோட்டை என்பது குழந்தைக்குக் கட்டி முடித்த பொருள் அன்று. கட்டுதல் என்னும் செயல். பெரியவர் முடித்துக் கொடுத்த கூடாரத்தில் குழந்தைகள் உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் வெளியே வருவார்கள். தாங்கள் கட்டியதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

1943ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பிடியில் இருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு புதுவகை விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது. ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பழைய பொருள்கள் கிடக்கும் இடங்களிலும் குழந்தைகள் ஆர்வமாக விளையாடுவதைக் கவனித்த நிலவடிவமைப்பாளர் சோரன்சென் என்பவரின் எண்ணத்தில் உருவானது அது. பலகைகள், செங்கற்கள், கயிறுகள் ஆகியவற்றைக் கொடுத்துக் குழந்தைகளையே குடில் கட்ட விட்டார்கள். 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியக் கலைஞர் இதே கருத்தைக் கோட்பாடாக எழுதினார்: ஒரு சூழலில் இடம் மாற்றவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருள்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு கண்டுபிடிக்கும் திறன் அங்கே வெளிப்படும் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் உள்ள தேசிய பொம்மைப் புகழரங்கில் 2005இல் அட்டைப்பெட்டிக்கும், 2008இல் குச்சிக்கும், 2011இல் போர்வைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் கோட்டை கட்டும் பொருள்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆகவே ஒரு கூடையில் பழைய வேட்டி, துண்டுகள், துணிக் கிளிப்புகள், அட்டைத் தட்டி, தலையணைகள், கோரைப்பாய் ஆகியவற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆபத்து உள்ள இடங்களை மட்டும் நீங்கள் கவனியுங்கள். கோரைப்பாயை நட்டு நிறுத்தி வளைத்தால் தானே நிற்கும் என்பதை எட்டு வயதுப் பெண் தானாகவே கண்டுபிடிப்பாள். அது சரிந்து விழுந்தால் விழட்டும். ஏன் விழுந்தது என்று அவள் யோசிக்கும் அந்த இடைவெளியில் நாம் புகுந்து தூக்கி நிறுத்திவிடக் கூடாது.

குழாய்ப்பணி (கோவை)

ஆசிரியை சொல்வது பெரிய குழந்தைக்குப் பொருந்தும். நான்கு வயதுப் பையனுக்குக் கட்டுவதில் பொறுமை இல்லை. உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவுதான். விழுந்துகொண்டே இருந்தால் அழுவான், அக்காவின் மேல் பழி விழும். எலும்புக்கூட்டை நாம் கொடுத்து, தோலை அவர்கள் போர்த்தட்டும் என்பதே என் கருத்து. குழாயைக்கூடப் பெண் குழந்தையே செருகட்டுமே.

பொருநை (நெல்லை)

எங்கள் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒரு வழக்கம் உண்டு. தை மாதத்தில் வீட்டு வாசலில் சிறுமிகளுக்காகக் களிமண்ணால் ஒரு சிறிய வீடு அமைத்து, அதில் அவர்கள் பொங்கல் வைப்பார்கள். அந்த வீட்டின் சுவர் தரையிலிருந்து சற்றே உயர்ந்திருக்கும் ஒரு மண் வரம்புதான், கூரை கிடையாது. ஆனால் அதன் வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதில் குழந்தைகள் எவ்வளவு கண்டிப்பாக இருப்பார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு வயதுப் பையனுக்குச் சுவர் உயரமாக இருக்க வேண்டியதில்லை. கோலமாவாலோ சுண்ணக்கட்டியாலோ தரையில் அறைகளைக் கோடு போட்டுக் கொடுங்கள்; சமையலறை, படுக்கையறை, காவலாளி நிற்கும் வாசல் எல்லாம் அவனுக்கு அங்கேயே வந்துவிடும். அக்காவின் அட்டைக் கோட்டைக்கு அது வெளிமதிலாகவும் அமையும்.

வளவுக்காரி (யாழ்ப்பாணம்)

எங்கள் ஊரில் பிள்ளைகளின் கொட்டில் வளவுக்குள் மாமரத்தின் கீழ்தான் இருக்கும். தடிகள் நான்கை நட்டு, மேலே கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, போட்டால் முடிந்துவிடும். கிடுகுக் கூரையின் கீழ் இருக்கும் குளிர்ச்சி எந்தத் துணிக்கும் வராது. மாடி வீட்டில் இருப்பவருக்கு இது உதவாது என்பது தெரியும். முற்றம் உள்ளவர்கள் வாசித்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நிலத்தில் அடுக்கிக் கிடந்த பழைய கிடுகை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். அதற்குள் தேளும் பூரானும் இருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டி, வெயிலில் காயவிட்டுப் பிறகு எடுங்கள். பாளையும் தேங்காயும் விழும் இடமாதலால் தென்னைக்குக் கீழே கொட்டில் போடக் கூடாது. பிள்ளைகள் அடுப்பு மூட்டி விளையாடும் ஆசை எப்போதும் வரும். ஓலைக் கொட்டிலுக்குள் நெருப்புப்பெட்டி போகவே கூடாது.

மாடிப்படி (அம்பத்தூர்)

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மகளோடு சேர்ந்து படித்தேன். கயிறே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். அட்டைத் திரைத்தட்டியை வளைத்து நிறுத்தி, அதன் திறந்த பக்கம் கட்டிலை நோக்கி இருக்கும்படி வைத்து, கட்டில் விளிம்புக்கும் தட்டியின் மேல்விளிம்புக்கும் நடுவே வேட்டியைச் சரிவாகப் போட்டுக் கிளிப் மாட்டப் போகிறோம். உட்கார்ந்த குழந்தையின் கண் உயரத்தில் தட்டியில் ஒரு ஜன்னலும், எதிரே தரையை ஒட்டி இன்னொரு வாசலும் வரும். மகள் வரைபடமே போட்டுவிட்டாள். வெளிமதில் சுண்ணக்கட்டியால் தம்பிக்கு. குழாய்ச் சட்டத்தை அவள் அடுத்த ஆண்டுக்கு என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இரண்டு கேள்விகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தட்டியின் உயரம் கட்டிலைவிட மிக அதிகமாக இருந்தால் வேட்டி இழுத்துத் தட்டியைச் சாய்க்குமா? கடையிலிருந்து கொண்டுவரும் பழைய பெட்டியால் வீட்டில் கரப்பான் சேருமா?

அட்டைக்காரர் (சிவகாசி)

குளிர்சாதனப் பெட்டியின் அட்டை ஐந்தடிக்கு மேல் இருக்கும். அதைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். நெளிவுகள் நின்றபடியே இருக்கும்படி குறுக்கே வெட்டினால், ஒரே பெட்டியில் இரண்டு தட்டிகள் கிடைக்கும். இரண்டரை அடி உயரத் தட்டி கட்டிலைவிடச் சற்றே உயர்ந்திருக்கும் என்பதால், வேட்டியைத் தொய்வாகப் போட்டால் சாயாது. தட்டியின் அடியில் உட்புறமாக ஒரு சாண் அகல அட்டையை மடித்து ஒட்டி, அதன் மேல் தலையணைகளை வையுங்கள். அந்த எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

கரப்பான் பற்றிய கவலை நியாயமானது. பெட்டியின் ஒட்டுப்பசையும் நெளிவுகளின் இருட்டும் அதற்குப் பிடித்தமானவை. வாங்கும்போதே ஈரக் கறையோ பூச்சி எச்சமோ உள்ள பெட்டியை ஒதுக்குங்கள். கொண்டுவந்ததும் மொட்டை மாடியில் விரித்து ஒரு பகல் முழுவதும் வெயிலில் போட்டு, நன்றாகத் தட்டிய பிறகு உள்ளே எடுங்கள். வெட்டு முனைகள் அனைத்தையும் காகித டேப்பால் மூடிவிட்டால் நெளிவுக்குள் பூச்சி புகாது, குழந்தையின் விரலும் கீறாது. மூலைகளில் அடித்திருக்கும் கம்பிப் பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; தட்டையாகப் படிந்திருப்பவை கண்ணுக்குத் தெரியாது, விரலால் மெதுவாகத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மழைக்காலம் வந்து அட்டை நமுத்துப் போனால் அதைக் காய வைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிய பெட்டி கேளுங்கள்.